எலும்பு ஒட்டியது யாரால்?

பிரிட்டனின் மருத்துவ இதழான ‘பிஎம்ஜே’ ஒவ்வொரு டிசம்பரிலும் கிறிஸ்துமஸ் சிறப்பிதழ் போடும். அதில் வரும் ஆய்வுகள் முறைப்படி நடத்தப்பட்டவைதான். எடுத்துக்கொள்ளும் கேள்விகளில்தான் குறும்பு இருக்கும். 2011-இல் வந்த கேள்வி இது: எலும்பு டாக்டருக்கு உண்மையிலேயே மூளை கம்மியா?

அந்த நாட்டு ஆபரேஷன் தியேட்டர்களில் பழைய நக்கல் ஒன்று உண்டு. எலும்பு டாக்டருக்குக் காளை மாட்டின் பலம் இருக்கும், அறிவு மட்டும் மாட்டுக்கு இருப்பதில் பாதி என்பார்கள். இந்தப் பேச்சுக்குப் பதிலடி கொடுக்க, மூன்று மருத்துவமனைகளில் 36 எலும்பு அறுவை மருத்துவர்களையும் 40 மயக்க மருத்துவர்களையும் பிடித்து உட்கார வைத்தார்கள். கைப்பிடியின் வலுவைக் கருவி வைத்து அளந்தார்கள். நுண்ணறிவுத் தேர்வும் எழுத வைத்தார்கள். பிடியில் எலும்புக்காரர்களின் சராசரி 47.25 கிலோ, மயக்கக்காரர்களுடையது 43.83. தேர்வில் முன்னவர்களுக்கு 105.19, பின்னவர்களுக்கு 98.38. மயக்க மருத்துவர்கள் இனி கேலி செய்ய வேறு வழி தேடிக்கொள்ளட்டும் என்ற தொனியில் கட்டுரையை முடித்திருந்தார்கள்.

அந்த 76 பேரும் ஆண்கள். அதைப் பிறகு பார்ப்போம்.

கேலிக்குக் காரணம் கருவிகள்தான். சுத்தியல், உளி, ரம்பம், டிரில், ஸ்குரூ என்று தச்சர் பையில் இருப்பதெல்லாம் எலும்பு டாக்டரின் தட்டிலும் இருக்கும். இந்தத் தொழில் பிறந்த இடமும் கல்லூரி வகுப்பறை இல்லை. தமிழ்நாட்டில் எந்த ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனாலும் ‘புத்தூர் கட்டு’ என்று ஒரு பலகை கண்ணில் படும். ஆந்திரத்தின் புத்தூரில் பரம்பரையாகப் போடப்படும் மூங்கில் பத்தைக் கட்டின் பெயர் அது. பிரிட்டனிலும் அப்படிப் பரம்பரைக் கட்டு வைத்தியர்கள் இருந்தார்கள். வேல்ஸ் நாட்டின் ஆங்கில்சி தீவில், கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய ஒரு சிறுவனிடமிருந்து தொடங்கியதாகச் சொல்லப்படும் குடும்பம் ஒன்று அதில் பேர்பெற்றது. அந்த வழியில் வந்தவர் லிவர்பூலின் ஹக் ஓவன் தாமஸ். கட்டு வைத்தியரான அப்பா, மகன்களை மருத்துவம் படிக்க வைத்தார். தாமஸ் முக்கியமாக முழங்கால் மூட்டு நோய்க்காக வடிவமைத்த இரும்புச் சட்டம் இன்றும் நம் அரசு மருத்துவமனை வார்டுகளில் ‘தாமஸ் ஸ்பிளின்ட்’ என்ற பெயரில் புழங்குகிறது.

தாமஸ் 1891-இல் இறந்தார். அவர் வாழ்நாளில் அந்தச் சட்டத்தைப் பெரிதாக யாரும் மதிக்கவில்லை. முதல் உலகப் போரில் அவருடைய உறவினரும் சீடருமான ராபர்ட் ஜோன்ஸ் அதைப் போர்முனைக்குக் கொண்டுபோனார். குண்டடிபட்டுத் தொடை எலும்பு உடைந்த சிப்பாய்களில் பத்துக்கு எட்டுப் பேர் இறந்துகொண்டிருந்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. சட்டம் போட்டுத் தூக்கி வந்தபின் அது இரண்டுக்குக் கீழே இறங்கியது. பத்தில் எட்டு இரண்டாகும்போது பலன் தானாகவே தெரிந்துவிடும். நிரூபிக்கத் தனி ஆராய்ச்சி வேண்டியதில்லை.

சிக்கல் சாதாரண நாட்களில்தான். கை வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். எலும்புக்குத் தானாக ஒட்டிக்கொள்ளும் குணம் உண்டு. மாவுக்கட்டு போட்டாலும் ஒட்டும், கம்பி குத்தினாலும் ஒட்டும், பிளேட் வைத்தாலும் ஒட்டும். ஆறு மாதம் கழித்து நோயாளி கையை மடக்கிக் காட்டிக் கும்பிடு போடுவார். டாக்டர் தன் கைராசி என்று நினைப்பார். பிளேட் விற்ற கம்பெனி தன் பிளேட் என்று விளம்பரம் செய்யும். ஒட்டியது யாரால் என்று பிரித்துச் சொல்ல ஒரே வழிதான் இருக்கிறது. ஒரே மாதிரி முறிவு உள்ளவர்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரிக்க வேண்டும், ஆளுக்கொரு சிகிச்சை கொடுக்க வேண்டும், ஒரு வருடம் விடாமல் பின்தொடர வேண்டும்.

இந்தத் துறை அந்த வேலையில் மெதுவாகத்தான் இறங்கியது. இறங்கியதும் கிடைத்த அடிகள் பலமாக இருந்தன. 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் ஹூஸ்டனில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ள 180 பேர் சேர்ந்திருந்தார்கள். ஒரு பகுதியினருக்குத் துளையிட்டு மூட்டைச் சுத்தம் செய்யும் ஆர்த்ரோஸ்கோப்பி செய்தார்கள். இன்னொரு பகுதியினருக்குத் தோலை மட்டும் கீறி, உண்மையான ஆபரேஷன் போலவே தண்ணீர்ச் சத்தம் எழுப்பி, தையல் போட்டு அனுப்பினார்கள். எல்லாரையும் தொட்டது ஒரே மருத்துவரின் கை. இரண்டு வருடம் பார்த்தும் வலியில் வித்தியாசம் இல்லை. பின்லாந்தில் 146 பேரிடம், வயது கூடத் தேய்ந்து கிழிந்த முழங்கால் ஜவ்வுக்கு இதே போலிக் கீறல் சோதனை நடந்து, 2013-இல் முடிவு வந்தது. அங்கும் அதே கதைதான்.

தோலைக் கீறிவிட்டு ஒன்றும் செய்யாமல் அனுப்புவது ஏமாற்று வேலை இல்லையா என்று கேட்கலாம். நோயாளிகளிடம் முன்னமே சொல்லிச் சம்மதம் வாங்கித்தான் செய்தார்கள். பலன் இல்லாத ஒன்றை ஊரில் உள்ள அத்தனை மூட்டுக்கும் செய்துகொண்டிருப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

மணிக்கட்டுக்கு வருவோம். 2000-க்குப் பின் ஸ்குரூவும் பிளேட்டும் பூட்டிக்கொள்ளும் புதுவகைப் பிளேட் சந்தைக்கு வந்தது. எக்ஸ்ரேயில் பார்க்க அவ்வளவு அழகு. எலும்பு இம்மி பிசகாமல் நிற்கும். அதற்குமுன் இருந்தது சாதாரணக் கம்பி முறை: தோல் வழியாக இரண்டு மூன்று கம்பிகளைக் குத்தி, மேலே மாவுக்கட்டு. விலை சொற்பம். பிரிட்டனில் 18 மருத்துவமனைகள் சேர்ந்து 461 பேரை வைத்து இரண்டையும் மோதவிட்டன. 2014-இல் வெளியான அந்த ஆய்வின் பெயர் ‘டிராஃப்ட்’, நடத்தியவர் மேத்யூ கோஸ்டா. ஒரு வருடம் கழித்து வலியிலோ கை வேலை செய்வதிலோ சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை என்று வந்தது. அதற்குப் பின் அங்கே பிளேட்டின் பங்கு 75 சதவீதத்திலிருந்து 48-க்கு விழுந்தது. கம்பி 12-லிருந்து 42-க்கு ஏறியது. மருத்துவர்கள் பழக்கத்தை மாற்றிக்கொள்ள மாட்டார்கள் என்ற பொதுப் புகாருக்கு இந்த எண்கள் நல்ல பதில்.

அதோடு நிற்கவில்லை. கம்பியாவது வேண்டுமா என்று அடுத்து கேட்டார்கள். எலும்பைச் சரியாக இழுத்து வைத்தபின் வெறும் மாவுக்கட்டா, கம்பியா? 2022-இல் 500 பேரிடம் வந்த முடிவு: ஒரு வருட முடிவில் இரண்டும் ஒன்றே. ஆனால் மாவுக்கட்டு போட்டவர்களில் சுமார் எட்டில் ஒருவருக்கு எலும்பு நகர்ந்து, ஆறு வாரத்துக்குள் ஆபரேஷன் தேவைப்பட்டது. மீதி ஏழு பேருக்கு ஊசியும் கம்பியும் மிச்சம். தோள்பட்டைக்கு அருகே மேல்கை எலும்பு விலகி உடைந்த 250 பேரிடம் அமர் ரங்கன் குழு நடத்திய ஆய்வும் (2015) ஆபரேஷனுக்கும் தூளிக்கட்டுக்கும் இடையே வித்தியாசம் காணவில்லை. 4 முதல் 15 வயதுள்ள 965 பிள்ளைகளை வைத்து 2022-இல் வந்த ஆய்வு இன்னும் எளிமையானது. மணிக்கட்டு எலும்பு முழுதாக உடையாமல் லேசாக நசுங்கும் முறிவு குழந்தைகளுக்கு அடிக்கடி வரும். அதற்கு மாவுக்கட்டு, தகடு எதுவும் வேண்டாம், ஒரு துணிக்கட்டும் வீட்டுக்கு அனுப்புவதும் போதும் என்று காட்டியது.

இதைப் படித்துவிட்டு, நாளைக்கே ஆபரேஷன் சொன்ன டாக்டரிடம் சண்டைக்குப் போகவேண்டாம். ஒவ்வொரு முடிவும் குறிப்பிட்ட வகை முறிவுக்கு மட்டுமே பொருந்தும். எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்த கால், லாரிச் சக்கரம் ஏறிய கால் எல்லாம் வேறு கணக்கு.

அந்தக் கணக்கில் கோயம்புத்தூருக்கு ஒரு பங்கு உண்டு. திறந்த முறிவில் காலைக் காப்பாற்றலாமா, எடுத்துவிடலாமா என்பது எலும்புத் துறையின் மிகக் கொடுமையான கேள்வி. காப்பாற்ற முயன்று பத்து ஆபரேஷனுக்குப் பின் எடுப்பது, முதல் நாளே எடுப்பதைவிட மோசம். அதுவரை புழங்கிய மதிப்பெண் முறை ரத்தக்குழாய் அறுந்த கால்களுக்குத்தான் பெரும்பாலும் பொருந்தியது. கங்கா மருத்துவமனையின் எஸ். ராஜசேகரன் குழு 109 கால்களைப் பின்தொடர்ந்து 2006-இல் புது அளவுகோல் தந்தது. தோல், எலும்பு, தசை மூன்றுக்கும் தனித்தனியே ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். சர்க்கரை போன்ற மற்றப் பிரச்சினைகளுக்கு இரண்டிரண்டு. மொத்தம் 14-க்குள் என்றால் காப்பாற்றலாம். 17-உம் அதற்கு மேலும் என்றால் எடுப்பது நல்லது. 15, 16 வந்தால் அனுபவமுள்ளவர்கள் கூடிப் பேச வேண்டும். அண்ணன் தம்பியில் ராஜசேகரன் எலும்பு மருத்துவர், ராஜ சபாபதி பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் என்பதால் எலும்பையும் தோலையும் ஒரே மேசையில் ஒரே வேளையில் பார்க்கும் பழக்கம் அங்கே குடும்பத்திலேயே அமைந்துவிட்டது. மற்ற ஊர்களில் இதற்கு இரண்டு டிபார்ட்மென்ட்டுக்குக் கடிதம் எழுத வேண்டும்.

திறந்த காயத்தைக் கழுவுவதற்கும் ஆய்வு நடந்தது. ஐந்து நாடுகளில் 41 மருத்துவமனைகளில் 2,551 பேர்; இந்தியாவும் அதில் ஒன்று. 2015-இல் முடிவு வந்தது: சோப்புக் கரைசலில் கழுவியவர்களில் 14.8 சதவீதத்தினருக்கு மறு ஆபரேஷன், வெறும் உப்புநீரில் 11.6. விலையுயர்ந்த பம்ப் வைத்து வேகமாக அடித்தாலும், பாட்டிலை உயரத்தில் தொங்கவிட்டு மெல்ல ஊற்றினாலும் பலன் ஒன்றே. பம்ப் வாங்க வழியில்லாத மாவட்ட மருத்துவமனைக்கு இதைவிட நல்ல செய்தி என்ன இருக்க முடியும்?

இவ்வளவையும் செய்தது யார் என்று பார்த்தால், பேராசிரியரின் பெயர் கட்டுரையின் தலைப்பில் இருக்கும். வேலை வேறு இடத்தில் நடந்திருக்கும். அவசரப் பிரிவில் இரவு இரண்டு மணிக்கு வரும் நோயாளியிடம், “இதில் எது நல்லது என்று எங்களுக்கே தெரியாது, குலுக்கிப் பார்க்கலாமா?” என்று கேட்க வேண்டும். நம் ஊரில் ஒரு டாக்டர் அப்படிக் கேட்டால் நோயாளி எழுந்து அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார். அதைப் பொறுமையாக விளக்கவும், ஒரு வருடம் போன் போட்டு விசாரிக்கவும் பிரிட்டனில் ஆராய்ச்சிக்கென்றே நர்ஸுகள் இருக்கிறார்கள். பிசியோதெரபிஸ்டுகளும் பயிற்சி மருத்துவர்களும் ஆய்வை மருத்துவமனைக்கு மருத்துவமனை நடத்திச் செல்கிறார்கள். பயிற்சியில் இருப்பவர் ஆறு மாதம் துணை முதன்மை ஆய்வாளராக வேலை பார்த்துச் சான்றிதழ் பெறும் முறையும் அங்கே உண்டு. பி.ஜி. படிப்புக்காக ஓர் ஆய்வேட்டைத் தனியாக எழுதி அலமாரியில் வைத்துவிடும் நம் வழக்கத்தைவிட இது உருப்படியானது.

ஆள் மாறினால் பலன் மாறும் என்பதற்கு இடுப்பு முறிவைவிடத் தெளிவான சான்று கிடையாது. வீட்டுக்குள் தடுக்கி விழும் முதியவர்களுக்கு வருவது இது. பிரிட்டனில் 2007-இல் இதற்கென்று தேசியப் பதிவேடு தொடங்கினார்கள். 2010-இல் இங்கிலாந்து அரசு ஒரு நிபந்தனை போட்டது: 36 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்து, முதியோர் மருத்துவர் ஒருவரும் நோயாளியைப் பார்த்திருந்தால்தான் மருத்துவமனைக்குக் கூடுதல் பணம். 30 நாளுக்குள் இறப்பவர்கள் 2007-இல் 10.9 சதவீதம், 2011-இல் 8.5. புது ஸ்குரூ எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. சோடியம் குறைந்ததையும், நுரையீரலில் சளி கட்டுவதையும், தலைசுற்ற வைக்கும் மாத்திரையையும் கவனிக்கத் தெரிந்த ஒரு மருத்துவர் எலும்பு வார்டுக்குள் வந்தார், அவ்வளவுதான்.

இனி, தொடக்கத்தில் பார்த்த அந்த 76 ஆண்கள். ஆய்வு வந்த காலத்தில் பெண் எலும்பு மருத்துவர்களைத் தேடி எண்ணிக்கை சேர்ப்பதே கஷ்டம். அமெரிக்காவில் பெண்கள் மிகக் குறைவாக இருக்கும் மருத்துவச் சிறப்புத் துறை இன்றும் இதுதான். பிரிட்டனில் இத்துறையின் மூத்த மருத்துவர்களில் பத்தில் ஒருவர்கூடப் பெண் இல்லை. பலம் வேண்டிய வேலை என்று காரணம் சொல்வார்கள். டிரில் கரண்டில்தான் ஓடுகிறது. விலகிய தொடையை இழுத்து நிறுத்த டிராக்‌ஷன் மேசை இருக்கிறது.

உண்மையான தடைகள் வேறு. ஆபரேஷன் நடக்கும்போதே எக்ஸ்ரே எடுக்கும் சி-ஆர்ம் கருவிக்கு முன்னால் ஈயக் கவசம் மாட்டி நிற்க வேண்டும். அந்தக் கவசம் பெரும்பாலும் கையில்லாத சட்டை மாதிரி இருக்கும். கையைத் தூக்கினால் அக்குள் பக்கம் இடைவெளி திறக்கும். மார்பகப் புற்று அதிகம் தோன்றும் வெளிப்புற மேல்பகுதி அங்கேதான் இருக்கிறது. அமெரிக்கப் பெண் எலும்பு மருத்துவர்களிடம் நடத்திய கணக்கெடுப்பில் மார்பகப் புற்று மற்றப் பெண்களைவிட அதிகமாக இருப்பது தெரியவந்தது. இதற்குத் தீர்வு, கையும் அக்குளும் மூடும் கவசம். தைப்பது பெரிய வித்தை இல்லை. யாருக்கு அளவெடுத்துத் தைத்தார்கள் என்பதுதான் விஷயம்.

பிரிட்டிஷ் எலும்பு மருத்துவச் சங்கம் தொடங்கியது 1918-இல். அதன் தலைவர் நாற்காலியில் முதன்முதலாக ஒரு பெண், குழந்தைகளின் எலும்புக்கு அறுவை செய்யும் டெபோரா ஈஸ்ட்வுட், உட்கார்ந்தது 2022-இல்.