புத்தகத்தை மூடிவிட்டுப் படியுங்கள்

‘இன்னொரு தடவை திருப்பிப் படி!’ தேர்வு நெருங்கும்போது வீடுகளில் அதிகம் கேட்கும் அறிவுரை இதுதான். பிள்ளைகளும் அப்படியே செய்கிறார்கள். முக்கியமான வரிகளுக்கு மஞ்சள் மை பூசுகிறார்கள், அதே பக்கத்தை நான்கைந்து முறை புரட்டுகிறார்கள். வினாத்தாள் கைக்கு வந்ததும், ‘படிச்சதுதான், ஆனா ஞாபகம் வரல’ என்று தவிக்கிறார்கள். பிள்ளைக்குக் கவனம் போதாது என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். கோளாறு படிக்கும் முறையில் இருக்கிறது என்கிறார்கள் கற்றலை ஆராயும் உளவியலாளர்கள்.

14 முறை படித்தவர்களும் 3 முறை படித்தவர்களும்

அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் இருவரும் நடத்திய ஆய்வு 2006இல் வெளியானது. கல்லூரி மாணவர்களிடம் சூரியனைப் பற்றியும் கடல் நீர்நாயைப் பற்றியும் ஒரு பக்க அளவிலான பாடங்களைக் கொடுத்தார்கள். ஒரு குழு நான்கு சுற்றிலும் பாடத்தைப் படித்துக்கொண்டே இருந்தது. அவர்கள் சராசரியாக 14 முறை படித்து முடித்தார்கள். மற்றொரு குழு முதல் சுற்றில் மட்டும் படித்தது. சராசரியாக 3 முறைக்குச் சற்று மேல். அடுத்த மூன்று சுற்றுகளிலும் அவர்களுக்குக் கிடைத்தது வெற்றுத்தாள்தான். நினைவில் இருப்பதை எல்லாம் அதில் எழுத வேண்டும். எழுதியது சரியா, தவறா என்றுகூட யாரும் சொல்லவில்லை.

ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, படித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு 83 சதவீதமும் எழுதிப் பார்த்தவர்களுக்கு 71 சதவீதமும் நினைவில் இருந்தன. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது. 14 முறை படித்தவர்களிடம் மிஞ்சியது 40 சதவீதம். எழுதிப் பார்த்தவர்களிடம் 61 சதவீதம். ஒரு வாரத்துக்குப் பிறகு எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டிருந்தார்கள். அப்போது அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னவர்கள், படித்துக்கொண்டே இருந்தவர்கள்தான்.

தெரிந்ததுபோல் ஒரு மயக்கம்

அந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது? ஒரே வரியைப் பலமுறை பார்க்கும்போது கண் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. அந்தச் சரளத்தையே ‘எனக்குத் தெரியும்’ என்று மனம் எடுத்துக்கொள்கிறது. தேர்வு அறையிலோ கண் முன்னே வரி இருக்காது. உள்ளிருந்து எடுத்து எழுத வேண்டும். எத்தனை முறை திருப்பிப் படித்தாலும் அந்த வேலைக்குப் பயிற்சி கிடைப்பதில்லை. முயன்று நினைவுகூரும் ஒவ்வொரு முறையும் அந்த விஷயம் அடுத்த முறை எளிதாக நினைவுக்கு வருகிறது. எது தெரியவில்லை என்பதும் அப்போதே தெரிந்துவிடுகிறது. படிக்கும்போது கஷ்டமாகத் தோன்றினாலும் பிறகு பலன் தரும் இத்தகைய முயற்சிகளை ‘விரும்பத்தக்க சிரமங்கள்’ என்று அழைத்தார் உளவியலாளர் ராபர்ட் பியார்க்.

எப்போது நினைவுகூர்வது என்பதும் முக்கியம். ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்பதை அளந்து 1885இல் நூலாக வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரத்திலேயே பெருமளவு வேலையைக் காட்டிவிடுகிறது, பிறகு மெதுவாகிறது. ஒரே மூச்சில் படிப்பதைவிட, நாட்களைப் பிரித்துப் படித்தால் குறைந்த முயற்சியே போதும் என்பதையும் அவர் கண்டார். தேர்வுக்கு முந்தைய இரவில் ஆறு மணி நேரம் விழித்துப் படிப்பவர், அதே ஆறு மணி நேரத்தை ஒரு மாதத்துக்குப் பங்கிட்டிருந்தால் பாடம் நீண்ட நாள் தங்கியிருக்கும்.

இப்படி இடைவெளி விட்டு நினைவுகூர்வதன் சாயல் நம் திண்ணைப் பள்ளிகளில் இருந்தது. மாலையில் பிள்ளைகளை அனுப்பும் முன், உபாத்தியாயர் ஒவ்வொருவருக்கும் ஒரு பூ, ஒரு பறவை, ஓர் ஊர் என்று பெயர்களைச் சொல்லி அனுப்புவார்; மறுநாள் வந்து மறக்காமல் சொல்ல வேண்டும். உ.வே.சாமிநாதையர் ‘என் சரித்திரம்’ நூலில் இந்த வழக்கத்தைப் பதிவு செய்திருக்கிறார். அந்தப் பள்ளிகளில் பிரம்பும் இருந்தது. பிரம்பை விட்டுவிட்டு உத்தியை மட்டும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மதிப்பெண் இல்லாத கேள்வி

நினைவுகூர வைக்க வகுப்பில் கேள்வி கேட்கலாம் என்றால், ‘ஏற்கெனவே வாரத்துக்கு ஒரு டெஸ்ட், இதில் இன்னொன்றா?’ என்று பெற்றோர் கேட்பது நியாயம்தான். இப்போது நடக்கும் டெஸ்டுகள் பெரும்பாலும் அளப்பதற்கானவை. மதிப்பெண் போட்டு, வீட்டில் கையெழுத்து வாங்கி வரச் சொல்வதோடு அவை முடிந்துவிடுகின்றன. கற்பதற்கான கேள்வி வேறு வகை. அதற்கு மதிப்பெண் கிடையாது. எழுதி முடித்த கையோடு சரியான விடை சொல்லப்படும்.

இல்லினாய் மாநிலத்தின் கொலம்பியா நகர நடுநிலைப் பள்ளியில் ரோடிகரின் குழு ஆசிரியர்களோடு சேர்ந்து இதைச் சோதித்தது. எட்டாம் வகுப்பு அறிவியலில் சில பகுதிகளுக்கு மட்டும் வகுப்பிலேயே குறுவினாக்கள் கேட்டு, விடையையும் சொன்னார்கள். அலகுத் தேர்வில் அந்தப் பகுதிகளின் மதிப்பெண் 13 முதல் 25 சதவீதம் வரை உயர்ந்தது. பயம் கூடவில்லையா? இப்படி வினாக்களோடு படித்த 1,408 பள்ளி மாணவர்களிடம் பின்னர் கேட்டபோது, தேர்வுப் பதற்றம் குறைந்தது என்றே 72 சதவீதத்தினர் சொன்னார்கள்.

கணக்குப் பாடத்துக்கு இன்னொரு செய்தியும் உண்டு. நம் புத்தகங்களில் ஒரு பயிற்சி முழுக்க ஒரே வகைக் கணக்குகள்தான் வரும். எந்தச் சூத்திரம் என்று யோசிக்கவே வேண்டியதில்லை. டக் ரோரரும் கெல்லி டெய்லரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு வகைத் திண்ம உருவங்களின் கன அளவைக் காணும் கணக்குகளை ஒரு குழு வகை வகையாகவும், மற்றது கலந்தும் செய்தது. பயிற்சியின்போது வகை வகையாகச் செய்தவர்கள் 89 சதவீதம், கலந்து செய்தவர்கள் 60 சதவீதம். ஒரு வாரம் கழித்து நடந்த சோதனையில் முன்னவர்கள் 20 சதவீதத்துக்கு இறங்கினார்கள். பின்னவர்கள் 63 சதவீதம் பெற்றார்கள். உருளை, கூம்பு, கோளம் மூன்றையும் கலைத்துப் போட்டுக் கொடுத்தால்தான், எது எங்கே பொருந்தும் என்று பிள்ளை தானாகத் தீர்மானிக்கப் பழகும்.

நாளைக்கே தொடங்கலாம்

ஒளிச்சேர்க்கைப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். முதலில் புரிந்துகொண்டு படிக்க வேண்டும். புரியாததை நினைவுகூர்ந்து பயனில்லை. பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, ஒரு வெற்றுத்தாளில் இலைக்குள் என்ன போகிறது, என்ன வெளியே வருகிறது, பச்சையத்துக்கு என்ன வேலை, ஏன் வெளிச்சம் வேண்டும் என்று சொந்த வார்த்தையில் எழுத வேண்டும். எழுதியதும் புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பு மையில் சேர்க்க வேண்டும். அந்தச் சிவப்பு வரிகளே நாளைய பாடம். இரண்டு நாள் கழித்து ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை மீண்டும் வெற்றுத்தாள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பீரியடின் முதல் ஐந்து நிமிடத்தை இதற்கு ஒதுக்குங்கள். நேற்றைய பாடத்தில் ஒன்று, போன வாரத்தில் ஒன்று, போன மாதத்தில் ஒன்று என மூன்று கேள்விகள் போதும். கை தூக்கும் நான்கு பேரோடு நிறுத்தாமல் எல்லாரையும் எழுதச் சொல்லுங்கள், உடனே விடையைச் சொல்லுங்கள், மதிப்பெண் போடாதீர்கள். பெற்றோரும் ‘இன்னொரு தடவை படி’ என்பதை விட்டுவிட்டு, ‘புத்தகத்தை மூடிட்டு எனக்குச் சொல்லு பார்ப்போம்’ என்று கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவும் இதைக் கேட்கலாம். இதற்கு ஒரு தாளும் சிறிது பொறுமையும் போதும்.