பின்வளவுக்கு வாங்க!

மருதமுனைச் சாறன் வாங்கக் கடைக்குப் போகாதீர்கள். கடைக்குப் பக்கத்து ஒழுங்கையில் இறங்குங்கள். இரண்டு வளவு தாண்டியதும் 'சடக் சடக்' என்று காதில் விழும். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே போனால் ஒரு தகரக் கொட்டில். உள்ளே தறி!

"உள்ளுக்கு வாங்க மகள், வெயிலுக்க நிக்காதீங்க."

கூப்பிட்டதுதான் தாமதம், நான் உள்ளே.

நான் போன நேரம் அப்படியொரு நேரம். பழைய பாவு முடிந்து, புதுப் பாவு ஏறுகிறது. பழைய நூலின் நுனியோடு புது நூலின் நுனியை ஒவ்வொன்றாகப் பிணைக்கிறார்கள். ஒரு சாறனின் அகலத்துக்கே ஆயிரக்கணக்கான நூல்! தறிக்கார உம்மாவின் வாய் என் ஊர், பேர், பிள்ளை குட்டி எல்லாம் விசாரிக்கிறது. விரல்கள் தம்பாட்டில் பிணைத்துக்கொண்டே போகின்றன. ஒரு தடவைகூட அவர் குனிந்து பார்க்கவில்லை. மூலையில் அவருடைய மகள் சைக்கிள் சில்லில் செய்த ராட்டையைச் சுழற்றி, நாடாவுக்கு நூல் சுற்றுகிறாள். நீலம், கத்தரிப்பூ, பிறகு ஒரு பச்சை. கட்டம் எத்தனை நூலுக்கு ஒரு தடவை மாற வேண்டும், எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"எழுதினாத்தானே மறக்கும். கைக்குத் தெரியும் மகள்."

இப்படிச் செய்கிற இடத்துக்கே போய்ப் பார்க்கிற பயணம் வேறு இடத்திலும் உண்டு. பிரான்சின் அல்சாஸ் பகுதியில் 1953இல் வைன் சாலை என்று ஒரு பாதையைத் திறந்தார்கள். சுமார் 170 கி.மீ. ஊர் ஊராக நிறுத்தி, நிலவறைக்குள் இறங்கி, மரப் பீப்பாய்களைச் சுற்றிப் பார்த்து, செய்கிறவரோடு கதைத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போகலாம். வைன் எங்களுக்கு ஆகாது. ஆனால் அந்தப் பயணம் போகிற விதம் இருக்கிறதே, அது எனக்கு அவ்வளவு பிடிக்கும்! இலங்கையின் கிழக்குக் கரையில் மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரையான வீதிக்கு அது அச்சொட்டாகப் பொருந்துகிறது. பஸ் ஜன்னலால் பார்த்தால் எல்லாம் ஒரே நீளக் கடைத்தெரு. எந்த ஊர் எங்கே முடிகிறது என்று பிடிபடாது. இறங்கினால்தான் தெரியும், ஒவ்வோர் ஊரும் ஒவ்வொரு வேலையில் மும்முரமாக இருக்கிறது. எல்லாமே பின்வளவில்!

போக நல்ல காலம் மார்ச். மழை விட்டிருக்கும், பெரும்போக வெட்டு முடிந்து நெல் வீடு வரும், கடலும் அடங்கியிருக்கும். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம். ஜும்ஆவுக்கு ஊரே கதவைச் சாத்திவிடும்.

கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் வருடா வருடம் நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் பேரில் கொடியேறும். பன்னிரண்டு நாள் விழா, முடிவில் கந்தூரி. கொடி ஏறுவதைப் பார்க்கத்தான் சனம் முண்டியடிக்கும். நான் சமையல் பக்கம் போய் நிற்கிற ஆள். வரிசையாய்க் கிடாரங்கள், ஆளுயர அகப்பைகள், கண்ணை எரிக்கிற விறகுப் புகை, "உப்புப் பாருங்க காக்கா!" என்று ஒரு சத்தம். அந்தப் பரபரப்புக்கு ஈடே இல்லை.

சாய்ந்தமருதுக் கரைக்கு விடியற்காலையில் போங்கள். கரைவலையின் இரண்டு கயிறும் கரைக்கு வந்திருக்கும். இரண்டு கூட்டமாய்ப் பிரிந்து, குதிகாலை மணலில் ஊன்றி, அம்பா பாடி இழுப்பார்கள். மடி கரையைத் தொடுகிற அந்தக் கணம்! கீரி மீன் வெள்ளியாய்த் துள்ள, எங்கிருந்தோ பிள்ளைகள் சட்டியோடு ஓடி வருவார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்தக் கரை பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. நாட்டிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம்தான். அதே கரையில் வலை திரும்பவும் நிறைந்து வருவதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு நிறைந்து போகும்.

காரைதீவு 1892இல் விபுலாநந்த அடிகள் பிறந்த ஊர். யாழ் நூல் எழுதியவரின் ஊர் என்பதற்காகவே கொஞ்சம் நின்று போக வேண்டும். அங்கிருந்து மேற்கே திரும்பினால் சம்மாந்துறை. இங்கேதான் நான் அரைநாளைத் தொலைத்தேன்.

காரணம், அரிசி ஆலை. இங்கினியாகலையில் அணை கட்டி மறித்த கல்லோயாத் தண்ணீர் வாய்க்கால் வாய்க்காலாய் இறங்கி வந்து இந்த வட்டைகளை விளைய வைக்கிறது. விளைந்த நெல் இங்கே வந்து தொட்டியில் ஊறுகிறது, நீராவியில் அவிகிறது. அடுப்புக்கு விறகு, அதே நெல்லின் உமி! பிறகு சீமெந்துக் களத்தில் பொன்னாய்ப் பரவுகிறது. பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகி, வெறுங்காலால் சால் சாலாய்த் துழாவிக்கொண்டு போகிறார்கள். அவித்த நெல்லின் வாசம் உடுப்பிலெல்லாம் ஏறிவிடும். மில்காரர் நான்கு நெல்லை எடுத்து, உமி நீக்கி, ஒன்றைப் பல்லுக்கிடையில் வைத்து 'டக்' என்று கடித்தார். என் கையிலும் ஒன்று தந்தார். என்னுடையது நசிந்தது. "இது இன்னும் ஒரு மணித்தியாலம் கிடக்கணும். 'டக்'கெண்டு உடைஞ்சாத்தான் அள்ளுவம்." மீற்றர் ஒன்றும் கிடையாது, பல்தான் மீற்றர்! பெரியநீலாவணையில் பிறந்த நீலாவணன் 'வேளாண்மை' என்று ஒரு காவியமே எழுதினார். இந்தக் களத்தில் நின்றால், அவருக்கு ஏன் ஒரு கவிதை போதவில்லை என்று தெரியும்.

நிந்தவூரையும் ஒலுவிலையும் வேகமாய்த் தாண்டினேன். ஒலுவிலில் வெளிச்சவீட்டை எட்டிப் பார்த்ததோடு சரி. பாலமுனையில் திரும்பவும் பிடிபட்டேன். திண்ணையில் இரண்டு தாத்தாமார் பன் பாய் இழைத்துக்கொண்டிருந்தார்கள். சிவப்பும் பச்சையுமாய்ச் சாயமேற்றிய பன், காலால் பாயை மிதித்துக்கொண்டு, ஓரம் மடிக்கிற அந்தக் கைவேகம்! ஒரு பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழும்பினேன்.

அக்கரைப்பற்றில் எருமைத் தயிர்ச் சட்டி ஒன்றைச் சாய்த்துக் காட்டினார் தயிர்க்காரக் காக்கா. அசையவில்லை. இது எப்படி உறைகிறது, பின்னால் பார்க்கலாமா என்று வாய் திறப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார்:

"இப்ப ஒண்டும் இல்ல தங்கச்சி. சுபஹுக்குப் பிறகு வாங்க, பால் வாற நேரம். மறுகா எல்லாம் காட்டுறன்."

கல்முனைக்குத் திரும்புகிற பஸ்ஸை விட்டுவிட்டேன். சுபஹுக்கு அங்கே நிற்கப் போகிறேன்.