வீதி வரிசையில் தபால் தலைகள்

தபால் தலை சேகரிப்பது வெறும் சிறுவர் விளையாட்டு என்று ஒதுக்குவோர் நம்மிடையே பலர் உண்டு. நம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் பாட்டனாரின் ஆல்பத்தைக் கொணர்ந்து, "ஸார், அன்னிய அரசர் தலை போட்ட இவற்றையெல்லாம் கிழித்துப் போட்டு விடட்டுமா?" என்று கேட்டான். புது டில்லித் திறப்பு விழாவையொட்டி 1931-ல் வெளியான ஆறு தலைகள் அவை.

"விலை வரிசையை விட்டு, வீதி வரிசையில் வைத்துப் பார்" என்றோம். கிழக்கே பழைய கோட்டை, காலணா. அடுத்து யுத்த நினைவு வளைவு, அரையணா. மேற்கே செக்ரடேரியட், மூன்றணா. முடிவில் வைஸ்ராய் மாளிகை, இரண்டணா. நான்கும் சேர்ந்ததும் 'கிங்ஸ்வே' என்னும் ராஜபாட்டை முழுதும் கண்முன் நின்றது!

இந்நான்கில் ஆங்கில ஆட்சிக்கு முற்பட்டது பழைய கோட்டை ஒன்றே. பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்த அதற்குத்தான் ஆகக் குறைந்த விலை! பிரிட்டிஷ் டொமினியன்களின் பெயரால் நாட்டிய தூண்களுக்கோ ஒரு ரூபாய்!

சுதந்திரத்திற்குப் பின் அவ்வீதி 'ராஜபத்' ஆயிற்று. 2022-ல் 'கர்த்தவ்ய பத்' ஆயிற்று. வைஸ்ராய் மாளிகை ராஷ்டிரபதி பவனமாயிற்று. வைஸ்ராய்க்கென வகுத்த பாதையில் இன்று குடியரசு தின அணிவகுப்பு நடக்கிறது.

இத்தலைகளைக் கிழித்தெறிவதால் அடிமை நாட்கள் இல்லாமற் போய்விடா. நாம் கடந்து வந்த தூரத்தை அளக்கும் கோலையே இழந்து விடுவோம். மாணவன் நான்கையும் வரிசையாக ஒட்டி, ஒவ்வொன்றின் அடியிலும் அன்றைய பெயரையும் இன்றைய பெயரையும் எழுதினான். நேயர்கள் வீட்டுப் பழைய ஆல்பங்களையும் குழந்தைகளுடன் அமர்ந்து ஒருமுறை புரட்டலாமன்றோ?