லெபனானைப் பிளக்க ஒரு மேஜர்

மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில் அமைந்த சின்னஞ்சிறு நாடு லெபனான். அதன் பரப்பு 10,452 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் அரசு ஏற்றுக்கொண்ட சமயப் பிரிவுகள் அங்கே 18 உள்ளன. மரோனைட் கிறிஸ்தவர்கள், சுன்னி முஸ்லிம்கள், ஷியா முஸ்லிம்கள், துரூஸ்கள், கிரேக்கக் கிறிஸ்தவர்கள் எனப் பல சமூகத்தார் அருகருகே வாழும் நாடு அது. இப்பன்மையை அந்நாட்டின் செல்வமாகக் கண்டோர் உண்டு. அதில் விரிசலைத் தேடியோரும் உண்டு. தெற்கே அமைந்த இஸ்ரேலின் தலைவர்களுள் சிலர் இரண்டாம் வகையினர். இஃது எதிரிகள் கட்டிவிட்ட கதையன்று. அந்நாட்டுப் பிரதமர் ஒருவரே தம் நாட்குறிப்பில் பதிந்து வைத்த செய்தி.

நாட்குறிப்பு கூறுவது

1954 பிப்ரவரி 27 அன்று, பதவியிலிருந்து விலகி நெகேவ் பாலைநிலத்துக் குடியிருப்பொன்றில் தங்கியிருந்த டேவிட் பென் குரியன், அப்போதைய பிரதமர் மோஷே ஷாரெத்துக்கு ஒரு மடல் எழுதினார். லெபனானில் தனிக் கிறிஸ்தவ அரசு ஒன்றை உருவாக்குவது நமது அயலுறவுக் கொள்கையின் தலையாய கடமைகளுள் ஒன்று. அதற்குப் பணமும் உழைப்பும் செலவிடத் தயங்கக் கூடாது என்பது அதன் சாரம். மரோனைட்டுகளிடையே அத்தகைய வேட்கை இல்லாதபோது வெளியிலிருந்து அதை உண்டாக்க இயலாது என்று ஷாரெத் மறுமொழி தந்தார்.

திட்டம் அத்துடன் அடங்கவில்லை. 1955 மே மாதம் நிகழ்ந்த கூட்டமொன்றில் படைத்தளபதி மோஷே தயான் வழியை வகுத்துக் காட்டினார். லெபனான் இராணுவத்தில் ஓர் அதிகாரி, ஒரு மேஜராயினும் போதும். அவரை மனம் மாற்ற வேண்டும், இல்லையேல் விலைக்கு வாங்க வேண்டும். மரோனைட்டுகளின் காவலராக அவர் தம்மை அறிவிக்க வேண்டும். அதன்பின் இஸ்ரேலியப் படை நுழைந்து, லித்தானி ஆற்றுக்குத் தெற்கே உள்ள நிலத்தை எடுத்துக்கொள்ளலாம். இதனை வேதனையோடு பதிந்த ஷாரெத்தின் நாட்குறிப்பை அவர் மகன் 1978இல் ஹீப்ரு மொழியில் வெளியிட்டார். அதற்குள் அந்த மேஜர் கிடைத்துவிட்டார்!

விரிசல் உள்ளேயும் இருந்தது

நடுநிலையோடு நோக்கின், விரிசல் முழுவதையும் அயலார் உண்டாக்கவில்லை என்பதை ஏற்க வேண்டும். 1943இல் விடுதலை பெற்றபோது, குடியரசுத் தலைவர் மரோனைட், பிரதமர் சுன்னி, சபாநாயகர் ஷியா என வழக்கமாக்கினர். நாடாளுமன்றத்தில் ஆறு கிறிஸ்தவர்க்கு ஐந்து முஸ்லிம்கள் என்பது கணக்கு. இதற்கு அடிப்படையோ 1932இன் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அதன்பின் அதிகாரபூர்வக் கணக்கெடுப்பே நடைபெறவில்லை. மக்கள்தொகை மாறியது; பங்கீடு மாறவில்லை. மனக்குறை வளர்ந்தது.

1948இல் வீடிழந்து வந்த பாலஸ்தீன அகதிகளின் முகாம்களில், 1969ஆம் ஆண்டின் கெய்ரோ உடன்பாட்டுக்குப் பின் ஆயுதமேந்தியோர் வெளிப்படையாக இயங்கினர். எல்லை தாண்டிய தாக்குதல்களுக்கும் பதிலடிகளுக்கும் இடையே தென்புறச் சிற்றூர்கள் நசுங்கின. 1975இல் உள்நாட்டுப் போர் மூண்டது. 1976இல் சிரியாவின் படையும் நுழைந்தது. அது வெளியேறியது 2005இல்தான். வீட்டார் பூசலிட்டால் இருபக்கத்து அண்டையாரும் முற்றத்தில் நாற்காலி போட்டு அமர்வர் என்பதற்கு லெபனானே சான்று.

மருந்தோடு வந்த துப்பாக்கி

1976இல் லெபனான் இராணுவம் சிதறியது. எல்லைச் சிற்றூர்கள் தலைநகரோடு தொடர்பிழந்தன. அவ்வேளையில் இஸ்ரேல், மெத்துலா என்னுமிடத்தில் எல்லை வேலியைத் திறந்தது. அதற்கு 'நல்ல வேலி' என்று பெயரிட்டது. நோயாளிகளுக்கு மருத்துவம் கிடைத்தது. வேலையற்றோர்க்குக் கூலி கிடைத்தது. காய்ச்சலில் துடிக்கும் குழந்தையை அவ்வேலியருகே தூக்கிச் சென்ற தாயை எவர் குறை கூற முடியும்? தன் அரசு கைவிட்ட இடத்தில் அயலரசு கை நீட்டியது. ஆனால் அந்தக் கை மருந்தோடு நிற்கவில்லை. ஆயுதமும் சீருடையும் மாதச் சம்பளமும் பின்னே வந்தன.

அவற்றைப் பெற்ற படைக்குத் தலைமை தாங்கியவர் மேஜர் சஅத் ஹத்தாத். அவர் மரோனைட்கூட அல்லர், கிரேக்கக் கத்தோலிக்கர். 1978 மார்ச்சில் இஸ்ரேல் லித்தானி வரை படையெடுத்தது. வெளியேறுமாறு ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 425ஆம் தீர்மானத்தை நிறைவேற்றி, அமைதிப்படையையும் அனுப்பிற்று. இஸ்ரேலோ எல்லைப் பட்டையை ஐ.நா. படையிடம் ஒப்படைக்காமல் ஹத்தாதிடம் ஒப்படைத்தது. 1979 ஏப்ரல் 18 அன்று அவர் அப்பட்டையை 'சுதந்திர லெபனான்' என்று அறிவித்தார். அவ்வேளை இஸ்ரேலின் வெளியுறவு அமைச்சர் யார் தெரியுமா? 24 ஆண்டுகளுக்கு முன் ஒரு மேஜரைத் தேடச் சொன்ன அதே மோஷே தயான்!

1982 ஜூனில் பெரும்படையெடுப்பு. இஸ்ரேலின் நண்பரான பஷீர் ஜமாயில் ஆகஸ்டில் குடியரசுத் தலைவராகத் தேர்வானார். செப்டம்பர் 14 அன்று குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். அடுத்த சில நாட்களில் சப்ரா, ஷத்தீலா அகதி முகாம்களில், இஸ்ரேலியப் படை சூழ்ந்து நிற்க, லெபனானின் கிறிஸ்தவ ஆயுதக் குழுவினர் பல நூறு பேரைக் கொன்று குவித்தனர். 1983 மே 17 அன்று கையெழுத்தான உடன்படிக்கையை லெபனான் மறு ஆண்டே நீக்கியது.

விலைபோனவர்களின் முடிவு

1984 ஜனவரியில் ஹத்தாத் இறந்தார். தளபதி அந்துவான் லஹத் தலைமையில் 'தென் லெபனான் படை' தொடர்ந்தது. அதில் கிறிஸ்தவர் மட்டுமல்லர். ஷியாக்களும் துரூஸ்களும் கணிசமாக இருந்தனர். சிலர் கூலிக்குச் சேர்ந்தனர், சிலர் கட்டாயப்படுத்தப்பட்டனர், மறுத்த குடும்பங்கள் ஊரைவிட்டு விரட்டப்பட்டன. கியாம் என்னும் ஊரில் பழைய பாசறையொன்று சிறையாயிற்று. விசாரணையோ வழக்கோ இன்றி, லெபனானியரை லெபனானியரே அங்கு வதைத்தனர்.

2000 மே மாதம் இஸ்ரேல் பின்வாங்கியது. அப்படை சில நாட்களில் நொறுங்கிப் போயிற்று. மே 23 அன்று ஊர்மக்களே கியாம் சிறையின் கதவுகளைத் திறந்தனர். கூலிப்படையினரும் குடும்பத்தாருமாக ஆயிரக்கணக்கானோர் அதே வேலியருகே மூட்டைமுடிச்சுகளோடு கூடி இஸ்ரேலுக்குள் தஞ்சம் புகுந்தனர். எஞ்சியோர் இராணுவ நீதிமன்றத்தில் நின்றனர். திட்டமிட்டவர்கள் பதவியும் ஓய்வும் பெற்றார்கள். விலைபோனவர்கள் ஊரை இழந்தார்கள்.

2024 அக்டோபரில் இஸ்ரேலியப் பிரதமர் நெதன்யாகு லெபனான் மக்களிடம் நேரடியாகப் பேசினார். ஹிஸ்புல்லாஹ்விடமிருந்து நாட்டை விடுவித்துக் கொள்ளுங்கள். இல்லையேல் காஸாவைப் போன்ற அழிவு காத்திருக்கிறது என்பது அவ்வுரையின் கருத்து. ஹிஸ்புல்லாஹ்வை ஏற்காத லெபனானியரும் பலர் உள்ளனர். அவர்கள் தம் நாட்டுக்குள் வழக்காட வேண்டிய பிரச்சினை அது. அதனை அயலான் தன் போருக்கு ஆயுதமாக்கும்போது, பழைய நாட்குறிப்பின் பக்கங்கள் நினைவுக்கு வராமல் இல்லை.

வாசகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டியது இதுவே: எல்லையில் அரண் எழுப்பினால் மட்டும் நாடு காக்கப்படுவதில்லை. கடைக்கோடிச் சிற்றூருக்கும் மருத்துவமனையும் வேலையும் நீதியான பங்கும் தன் அரசிடமே கிடைக்குமானால், அயலான் திறக்கும் வேலியை நோக்கி எவரும் நடக்கமாட்டார். விலைக்கு ஒரு மேஜர் கிடைக்கலாம். ஆனால் அவர் பின்னே செல்ல ஓர் ஊர் கிடைக்காது.