மறைந்த காப்பியங்களும் மலையகக் கூத்தும்

கிரேக்கக் காப்பியம் என்றவுடன் ஹோமரின் இலியட்டும் ஒடிசியுமே நம் நினைவுக்கு வருகின்றன. ட்ரோய்ப் போரின் தோற்றுவாயைப் பாடிய ‘கிப்ரியா’, ஒடிசியஸின் முடிவைப் பாடிய ‘தெலெகோனி’ முதலிய காப்பியங்களும் அந்நாளில் வழங்கின. இன்று அவை இல்லை. புரோக்ளஸ் என்பார் எழுதிய கதைச்சுருக்கமும், பிற நூலார் மேற்கோளாக எடுத்தாண்ட சில அடிகளுமே எஞ்சியுள்ளன.

தமிழிலும் இத்தகைய இழப்பு உண்டு. ஐம்பெருங்காப்பியங்களுள் வளையாபதியும் குண்டலகேசியும் முழுமையாகக் கிடைக்கவில்லை. வளையாபதியில் ஏறத்தாழ 72 பாடல்களே எஞ்சின. அவற்றுட் பெரும்பாலானவை புறத்திரட்டு என்னும் தொகைநூலால் கிடைத்தவை. அதனைத் தொகுத்தவர் வேண்டியது அறங்கூறும் செய்யுள், கதையன்று. எனவே அறம் பிழைத்தது, கதை நழுவியது. குண்டலகேசியின் நிலையோ வேறு. அப்பௌத்த காப்பியத்தை மறுக்க எழுந்த சமண நூல் நீலகேசி. அதன் உரையாசிரியர் எடுத்துரைத்தமையால் குண்டலகேசியின் கதை தெரியவருகிறது. செய்யுட்களோ மிகச் சிலவே. திரட்டுவோர் எதனை வேண்டினரோ அதுவே பின்னோர்க்கு எஞ்சுகின்றது என்பது இவற்றால் தெளிவாகும்.

இவ்வுண்மை மலையகத்தார்க்கும் உரியது. கொங்கு நாட்டுக் கதைப்பாடலான பொன்னர் சங்கர், ஹற்றன், நுவரெலியாத் தோட்டங்களில் இரவு முழுதும் ஆடப்படும் கூத்தாக வேரூன்றியது. காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் அவ்வாறே. இவற்றின் ஏடு பெரும்பாலும் கூத்து வாத்தியாரின் நினைவேயாகும். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியோராக வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சமமாகப் பங்கிட்டன. லயங்கள் பிரிந்தபோது, கற்பிப்போரும் கற்போரும் கடலின் இருகரையிலும் பிரிந்திருத்தல் இயல்பே.

மலையக மக்களின் பாடல்களைத் திரட்டிய ஸி. வி. வேலுப்பிள்ளை போன்றோரின் பணி போற்றுதற்குரியது. ஆயினும் கூத்திலிருந்து பாட்டை மட்டும் பிரித்தெடுப்போமாயின், நாமும் புறத்திரட்டுக்காரரின் வழியையே பின்பற்றியவராவோம். பாட்டு, இடையிடையே வரும் வசனம், சடங்கு, தாளம், யாரிடம் யார் கற்றார் என்னும் செய்தி ஆகிய அனைத்தையும் ஓர் இரவின் ஒழுங்கிலேயே பதிவு செய்தல் வேண்டும். ஒரு தோட்டத்தின் பாடத்தை மற்றொன்றுடன் ஒப்பிட்டுத் திருத்தாது, இரண்டையும் தனித்தனியே காத்தல் வேண்டும்.

வளையாபதியின் கதையை உரைக்க இனி எவருமில்லை. பொன்னர் சங்கரைப் பாடவல்ல முதியோர் இன்றும் நம்மிடையே உளர். அவர்களை நாடிச் செல்லுதல் நம் தலைமுறையின் கடனாகும்.