துருப்பிடித்த கார் மணல்மேட்டில் பாய்ந்தது!
இற்றுப்போன வண்டிகளுக்கு மறுவாழ்வு கொடுத்த படகுக்காரர்

தகரம் முழுவதும் துருப்பிடித்து, பொத்தல் பொத்தலாக இற்றுப்போன காரை என்ன செய்வார்கள்? பழைய இரும்புக் கடையில் போட்டுவிடுவார்கள். அப்படிப்பட்ட கார்களை மணலில் பாயும் வண்டிகளாக மாற்ற வழி கண்டார், ஒரு அமெரிக்கர். அவர் பெயர் புரூஸ் மேயர்ஸ்.

வண்டு கார்

மேயர்ஸ், கலிபோர்னியாவில் படகு கட்டி வந்தார். அங்கே பிஸ்மோ என்ற கடற்கரையில் பெரிய மணல்மேடுகள் உண்டு. இளைஞர்கள் அதில் வண்டி ஓட்டி விளையாடுவார்கள்.

கனமான வண்டிகள் மணலில் திணறின. மேல்கூட்டைக் கழற்றிய "பீட்டில்" கார்களோ சுலபமாக ஓடின. இதை மேயர்ஸ் கவனித்தார்.

பீட்டில் என்றால் வண்டு. ஜெர்மனியின் வோல்க்ஸ்வாகன் கம்பெனி செய்த கார் அது. அதன் எஞ்சின் பின்னால் இருக்கும். எஞ்சினின் பாரம் பின்சக்கரங்களை மணலில் அழுத்தும். ஆகவே, சக்கரம் வீணாகச் சுற்றாது. எஞ்சின் காற்றினாலேயே குளிரும். தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை.

துருப்பிடிக்காத கூடு

1964-ம் ஆண்டில் மேயர்ஸ் தமது முதல் வண்டியைக் கட்டினார். கண்ணாடி இழையைப் பிசினில் தோய்த்துப் படகு செய்வது அவருக்குக் கைவந்த கலை. அதே முறையில் வண்டியின் கூட்டையும் செய்தார். அது துருப்பிடிக்காது, கனமும் இல்லை.

வண்டிக்கு "மாங்ஸ்" என்று பெயர் வைத்தார். மாங்ஸ் என்பது வால் இல்லாத பூனை!

எப்படி மாற்றுவது?

பிறகு, பழைய பீட்டில் காரின் மேல் பொருத்தும்படி கூடுகளைச் செய்து விற்றார்.

முதலில், துருப்பிடித்த மேல்கூட்டைக் கழற்றி எறிய வேண்டும். அடித்தட்டு மட்டும் போதும். அதிலும் துரு தின்ற இடங்களை வெட்டி, புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும்.

அடுத்து, அடித்தட்டின் நடுவே சுமார் 36 செண்டி மீட்டர் வெட்டி எடுக்க வேண்டும். இரு துண்டுகளையும் சேர்த்துப் பற்றவைத்தால் வண்டி குட்டையாகிவிடும். மேட்டில் ஏறி இறங்கும்போது அடிவயிறு தரையில் இடிக்காது.

இந்தப் பற்றவைப்பு உறுதியாக இல்லாவிட்டால் ஆபத்து. ஓடும்போதே வண்டி முறிந்துவிடும்!

34 மணி நேரம்

1967-ல் மேயர்ஸ் தமது முதல் வண்டியில், மெக்சிகோ நாட்டின் கரடுமுரடான பாதையில் புறப்பட்டார். டெட் மாங்கல்ஸ் என்பவரும் உடன் சென்றார். தூரம் சுமார் 1,500 கிலோ மீட்டர். 34 மணி 45 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தார்கள். மோட்டார் சைக்கிள் செய்திருந்த சாதனையைவிட 5 மணி நேரம் குறைவு!

வண்டியின் புகழ் பரவியது. கூடவே வினையும் வந்தது. பலர் அதைப் பார்த்து அதேபோல் செய்து விற்றார்கள். மேயர்ஸ் கோர்ட்டுக்குப் போனார். வழக்கில் தோற்றார். 1971-ல் அவர் தொடங்கிய கம்பெனி மூடப்பட்டது.

ஆனால் அவரை நாடு மறக்கவில்லை. 2014-ல் அந்த முதல் வண்டி, அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் இடம்பெற்றது. அதைக் கண்குளிரப் பார்த்த மேயர்ஸ், 2021-ல் தமது 94-வது வயதில் காலமானார்.