ஒலியியல் ஆலோசகர்: தகுதியை எப்படி அறிவது?

மாணவர்களே, உங்கள் பள்ளி மண்டபத்தில் சபைகூடல் நடக்கும்போது, மேடையில் பேசுவது பின்வரிசைக்குத் தெளிவாகக் கேட்கிறதா? சத்தம் வருகிறது, சொல் புரியவில்லை என்றால், பலரும் ஒலிபெருக்கியின் அளவைக் கூட்டச் சொல்வார்கள். பல நேரங்களில் அதனால் பயன் இருக்காது. ஏனென்றால், குறை ஒலிபெருக்கியில் இல்லை, மண்டபத்தில் இருக்கிறது.

சிமெண்டுச் சுவரும் கண்ணாடிச் சன்னலும் வழவழப்பான தரையும் ஒலியைத் திருப்பி அனுப்புகின்றன. ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்த சொல் வந்து அதன்மேல் விழுகிறது. இதுதான் எதிர்முழக்கம். ஒலி நின்ற பிறகு அதன் அளவு 60 டெசிபல் குறைய ஆகும் நேரத்தை எதிர்முழக்க நேரம் என்கிறோம். இத்தகைய சிக்கலை அளந்து தீர்வு சொல்பவரே ஒலியியல் ஆலோசகர். பெயர்ப்பலகையை யார் வேண்டுமானாலும் எழுதி மாட்டலாம். தகுதியானவரை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஊகம் வேண்டாம், கணக்கு வேண்டும்

1895-இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில், ஃபாக் அருங்காட்சியகத்தின் விரிவுரை மண்டபத்தில் இதே சிக்கல் எழுந்தது. அங்கே ஒலி அடங்க ஏறத்தாழ ஐந்தரை வினாடி ஆனது. அதைச் சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியலாளரிடம் வந்தது. அவர் அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கத்தின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி, ஒவ்வொரு முறையும் ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். அதிலிருந்து பிறந்த சூத்திரம் இது:

எதிர்முழக்க நேரம் = 0.161 × மண்டபத்தின் கனஅளவு ÷ மொத்த ஒலி உறிஞ்சல்

திறந்த சன்னல் வழியே போகும் ஒலி திரும்பி வருவதில்லை. எனவே 1 சதுர மீட்டர் திறந்த சன்னலை 1 அலகு உறிஞ்சல் என்று கொள்கிறோம்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 20 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரம் கொண்ட மண்டபத்தின் கனஅளவு 1,800 கன மீட்டர். அதன் உறிஞ்சல் 90 அலகு என்றால், எதிர்முழக்க நேரம் சுமார் 3.2 வினாடி. பேச்சு புரிய அதை 1.2 வினாடிக்குக் குறைக்க விரும்பினால், சுமார் 240 அலகு தேவை. கூடுதலாக 150 அலகு வேண்டும். ஒலியில் 80 விழுக்காட்டை உறிஞ்சும் பலகை என்றால், ஏறக்குறைய 190 சதுர மீட்டர் பொருத்த வேண்டும்.

இப்போது ஒருவர் வந்து, "நான்கு பலகை மாட்டினால் போதும்" என்று சொன்னால், அவர் கணக்குப் போடவில்லை என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

இன்னொரு தவறான ஆலோசனையும் உண்டு. பக்கத்து அறையின் சத்தம் வராமலிருக்க நுரைப்பஞ்சு அல்லது முட்டைத் தட்டு ஒட்டச் சொல்வார்கள். நுரைப்பஞ்சு அறைக்குள் எதிரொலிப்பதைக் குறைக்கும். சுவரைக் கடக்கும் ஒலியைத் தடுக்காது. அதைத் தடுக்கக் கனமான சுவரும், இடுக்கில்லாத கதவும் வேண்டும். முட்டைத் தட்டு இரண்டுக்குமே உதவாது.

பதிவு எதற்கு?

எல்லாருடைய கணக்கையும் நாமே சரிபார்க்க முடியாது. அதனால்தான் பதிவு முறை இருக்கிறது. மலேசியாவில் 1967-ஆம் ஆண்டுப் பொறியியலாளர் பதிவுச் சட்டத்தின்கீழ் மலேசியப் பொறியியலாளர் வாரியம் இயங்குகிறது. அங்கீகரிக்கப்பட்ட பட்டம் பெற்றவர் முதலில் பட்டதாரிப் பொறியியலாளராகப் பதிய வேண்டும். பிறகு குறைந்தது 3 ஆண்டு அனுபவமும் தொழில்முறைத் தேர்வில் தேர்ச்சியும் பெற்றால், நிபுணத்துவப் பொறியியலாளர் ஆகலாம். அப்போதுதான் பெயருக்கு முன் 'ஐ.ஆர்.' என்று போட்டுக்கொள்ள முடியும். ஒருவர் பதிவு பெற்றவரா என்பதை வாரியத்தின் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம்.

ஆனால், பதிவு மட்டும் போதாது. இயந்திரத் துறையிலோ மின்துறையிலோ பதிவு பெற்றவர் எல்லாரும் மண்டப ஒலியைப் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. தமக்குத் தேர்ச்சி உள்ள பணியையே ஏற்க வேண்டும் என்பது பொறியியலாளரின் நடத்தை விதி. ஒலியியலுக்கென்றே தனி அமைப்புகளும் உள்ளன. பிரிட்டனின் ஒலியியல் கழகம் 1974-இல் உருவானது. அத்தகைய அமைப்பில் உறுப்பினராக இருப்பதும் ஒரு நல்ல அடையாளம்.

தொழிற்சாலை இரைச்சலுக்குப் பதிவே வேறு. 2019-ஆம் ஆண்டு இரைச்சல் விதிமுறைகளின்படி, ஒரு தொழிலாளி 8 மணி நேர வேலையில் சராசரியாக 85 டெசிபலுக்கு மேல் இரைச்சலுக்கு உள்ளாகக் கூடாது. இதை மதிப்பிட, தொழிலியல் பாதுகாப்பு சுகாதாரத் துறையில் பதிவு பெற்ற இரைச்சல் இடர் மதிப்பீட்டாளர்தான் வர வேண்டும். 3 டெசிபல் கூடினாலே ஒலி ஆற்றல் இருமடங்காகிறது. அளவீடு சற்றுப் பிசகினாலும் உங்கள் அப்பாவோ அண்ணனோ வேலை செய்யும் இடம் பாதுகாப்பானது என்று தவறாக முடிவாகிவிடும். உட்செவியின் மயிர்செல்கள் அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. எந்த அமைப்பில், எந்தத் துறையில் பதிவு பெற்றிருக்கிறீர்கள்?
2. இதே வகையான பணியை முன்பு எங்கே செய்தீர்கள்? முன்னும் பின்னும் எடுத்த அளவீடுகளைக் காட்ட முடியுமா?
3. ஒலியளவு மானிக்கு அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் அளவுத்திருத்தச் சான்றிதழ் இருக்கிறதா? (கைப்பேசிச் செயலி இதற்கு ஈடாகாது.)
4. எந்தத் தரநிலையைப் பின்பற்றுகிறீர்கள்? எதிர்முழக்க நேரத்தை அளக்க ஐ.எஸ்.ஓ. 3382 உள்ளது.
5. பலகை விற்கும் நிறுவனத்திடமிருந்து தரகு வாங்குகிறீர்களா?

நல்ல ஆலோசகர் இக்கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். விலையைச் சொல்வதற்கு முன், மண்டபம் எதற்குப் பயன்படுகிறது, எத்தனை பேர் அமர்வார்கள் என்று அவரும் நம்மைக் கேட்பார்.

செய்து பாருங்கள்: அளவு நாடாவால் உங்கள் மண்டபத்தின் நீளம், அகலம், உயரத்தை அளந்து கனஅளவைக் கண்டறியுங்கள். எதிர்முழக்க நேரம் 1.2 வினாடியாக இருக்க எத்தனை அலகு உறிஞ்சல் வேண்டும் என்று சூத்திரத்தைக் கொண்டு கணக்கிட்டு, உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.